கிட் கார்சன்: ஓர் உயிர்த்த ஞாயிறு வாசிப்பும் மறுவாசிப்பும்

எங்கள் விமர்சகர்கள் சித்திரக்கதையைக் கணக்கில் எடுப்பதில்லை. நாவல், சிறுகதை, கவிதை என்று வகுத்து வைத்திருக்கும் அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஆனால் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பலருக்குப் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாகக் கைக்குக் கிடைத்தது சிவகாசியில் அச்சான கொமிக்ஸ் புத்தகந்தான். 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அடுத்த ஆண்டில் லயன் வழியே தமிழ் பேச வந்தவர் டெக்ஸ் வில்லர். பொனெல்லி கதை எழுத, கலெப்பினி படம் வரைய, 1948 செப்டெம்பரில் இத்தாலியில் பிறந்த குதிரை வீரர் அவர். அமெரிக்காவின் மேற்கு நிலத்தை இத்தாலியர் கற்பனை செய்தார்கள், சிவகாசிக்காரர் தமிழாக்கினார்கள், இணுவிலில் புகையிலைத் தோட்ட வரம்பில் இருந்து நான் வாசித்தேன்.

முதல் வாசிப்பின் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990 ஏப்ரல் 15, உயிர்த்த ஞாயிறு. முதல் நாள் சித்திரைப் புத்தாண்டு. அவ்வருடம் நோன்பும் அதே நாட்களில் வந்திருந்தது. இந்திய இராணுவம் மார்ச் மாதக் கடைசியில் வெளியேறியிருந்தது. அடுத்த யுத்தம் ஜூனில்தான் தொடங்கியது. இடையிலிருந்த அந்தச் சொற்ப வாரங்களில் சனங்கள் தெருவில் சிரித்துக்கொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன். கைவிசேடக் காசைப் பொத்திக்கொண்டு, மாமாவின் சைக்கிள் பாரில் குந்தியபடி, காங்கேசன்துறை வீதி வழியே பட்டணத்துக்குப் போனேன். தேவாலய மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன. பழைய புத்தகமும் பழைய இரும்பும் ஒன்றாக விற்கும் ஒரு நானாவின் கடைக்கு மாமா கூட்டிப்போனார். நானா நோன்பிலிருந்தார், உதடு காய்ந்திருந்தது. என் காசை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"காசை வை தம்பி. வாசிச்சிட்டுக் கொண்டு வா. கிழிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அட்டையில்லாத பிரதி. ஆகவே கதையின் தலைப்பு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அந்த வாசிப்பு தந்த இன்பத்தை நான் இப்போதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். கறுப்பு வெள்ளைக் கோடுகளில் பாலைவனமும் பள்ளத்தாக்கும் விரியும். பேச்சே இல்லாத கட்டங்களில் குதிரைகள் மட்டும் போகும். 'டுமீல்' என்ற சொல் பக்கத்தையே கிழிப்பது போலிருக்கும். மொழிபெயர்ப்பிலும் ஒரு துணிவு இருந்தது. இத்தாலிய வசனத்தைத் தமிழ்நாட்டுச் சந்தைப் பேச்சாக மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு அது இரண்டு மடங்கு அந்நியம், இரண்டு மடங்கு சுவை. டெக்ஸும் அவரது மூத்த நண்பர் கிட் கார்சனும் ஊருக்குள் வந்தவுடன் தேடுவது தடித்த மாட்டிறைச்சித் துண்டையும் பொரித்த உருளைக்கிழங்கையுந்தான். சைவ வீட்டுப் பிள்ளையான நான் மாட்டிறைச்சியை முதன்முதலில் ரசித்தது காகிதத்திலேதான்.

டெக்ஸை விட எனக்குக் கார்சனையே பிடித்திருந்தது. நரைத்த தாடி. எதற்கும் முறைப்பாடு. எந்தப் பயணத்திலும் கேடுதான் வரும் என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாகக் குதிரையேறுவார். இத்தாலிய மூலத்தில் டெக்ஸ் அவரைக் கேலியாகக் 'கிழட்டு ஒட்டகம்' என்று அழைப்பதுண்டு. எங்கள் ஒழுங்கையில் அப்படிப்பட்ட அப்புமார் நாலைந்து பேர் இருந்தார்கள். டெக்ஸ் நவஹோ இனத்தவரின் தலைவர். அவர்கள் அவருக்கு இட்ட பெயர் இரவுக் கழுகு. அவரது மனைவி லிலித் அவ்வினத்துப் பெண். ஆகவே கார்சனும் நவஹோக்களின் நெருங்கிய நண்பர். வெள்ளையரின் அநீதிக்கு எதிராக அவர்களுக்காகத் துப்பாக்கி தூக்குபவர்.

பிற்காலத்தில், ஆசிரிய கலாசாலை முடித்துப் படிப்பிக்கத் தொடங்கிய பின்னர்தான், கிட் கார்சன் என்று உண்மையிலேயே ஒருவர் வாழ்ந்தார் என்று அறிந்தேன். 1809இல் பிறந்தவர், மலைவழிகாட்டியாக இருந்து இராணுவ அதிகாரியானவர். 1863இலும் 1864இலும் அமெரிக்க இராணுவத்தின் கட்டளைப்படி நவஹோக்களுக்கு எதிரான படையெடுப்பை நடத்தியவர் அவரே. பயிர்கள் எரிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. பள்ளத்தாக்கில் அவர்கள் தலைமுறைகளாக வளர்த்த பீச் மரங்களும் தறிக்கப்பட்டன. பட்டினியில் சரணடைந்த ஆயிரக்கணக்கானோர், ஏறத்தாழ 300 மைல் தொலைவிலிருந்த பொஸ்க் ரெடொண்டோ என்னும் வரண்ட நிலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலும் அங்கேயும் இறந்தவர் பலர். அந்த மக்கள் அதை இன்றும் 'நெடுநடை' என்றே நினைவுகூர்கிறார்கள். 1868 ஜூன் 1ஆந் திகதி உடன்படிக்கை கையெழுத்தாகி அவர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், மே 23இல், கார்சன் இறந்துபோனார்.

என் பிரியத்துக்குரிய கிழட்டு ஒட்டகம், தன் சித்திர நண்பரின் சனங்களையே ஊரைவிட்டுத் துரத்தியவரின் பெயரைச் சுமந்திருக்கிறது.

இது இத்தாலியர் தொடக்கிவைத்த காரியமல்ல. கார்சன் உயிரோடிருக்கும்போதே மலிவுக் கதைப்புத்தகங்கள் அவரை வீரனாக்கிவிட்டன. 1849இல் கடத்தப்பட்ட ஒரு பெண்ணைத் தேடிப்போன குழுவுக்கு அவர் வழிகாட்டினார். போய்ச் சேர்ந்தபோது அப்பெண் கொல்லப்பட்டிருந்தார். கடத்தியவர்கள் விட்டுப்போன பொருட்களுக்குள் கார்சனையே நாயகனாக வைத்து எழுதிய ஒரு புத்தகம் கிடந்தது. அதை வாசித்து, அவர் தன்னைக் காப்பாற்ற வருவார் என்று அப்பெண் நம்பியிருக்கலாம் என்ற எண்ணம் அவரை வருத்தியது. கார்சனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. தன்னைப் பற்றிய பொய்யைத் தானே வாசிக்க முடியாதவராக அவர் இருந்தார்.

இப்போது என் மறுவாசிப்புக்கு வருகிறேன். நான் வாசித்த டெக்ஸ் கதைகளில் ஓர் அறம் மாறாமல் வருகிறது. குற்றம் தனிமனிதனுடையது. கெட்ட தளபதி இருப்பான், நல்ல தளபதியும் இருப்பான். கெட்ட செவ்விந்தியன் இருப்பான், அவனுக்காக அவனது இனம் தண்டிக்கப்படக் கூடாது என்று டெக்ஸ் குறுக்கே நிற்பார். ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கத்தக்க அறம் இது. ஆனால் இக்கதைகளின் பலவீனமும் இதுவே. எல்லாத் தீமையும் ஒரு வில்லனின் முகத்தில் முடிந்துவிடுவதால், கட்டளையாக வரும் தீமையை இந்தச் சட்டகத்துக்குள் வரைய முடியவில்லை. மேலேயிருந்து உத்தரவு வர, தனிப்பட்ட பகை ஏதுமற்ற ஒருவர் அதை நிறைவேற்றும்போது யாரைச் சுடுவது? கடைசிப் பக்கத்தில் யார் விழுவார்கள்? உண்மைக் கார்சன் அத்தகைய மனிதர். அதனாலேயே அவரை நல்ல கார்சனாக மாற்றினால்தான் கதை நடக்கும்.

இதை நான் எங்கோ இருக்கும் ஒரு நாட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நானாவின் கடை பூட்டிக் கிடந்தது. புத்தகம் என்னிடம் இருந்தது. சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அன்று நாங்களும் நடந்தோம். ஆனால் அடுத்த சித்திரை கழிய நாங்கள் வீடு திரும்பினோம். புத்தகம் தட்டிலேயே இருந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அந்தத் திரும்புதல் பல வருடங்களுக்கு வாய்க்கவில்லை. பலருக்கு இன்றும் முழுமையாக வாய்க்கவில்லை. இரண்டு திகதிகளும் ஒன்றாயிருப்பதை வைத்து இரண்டு துயரங்களையும் சமப்படுத்தி எங்களவர்கள் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. எங்களுடைய நடையை நாங்கள் பாடினோம், எழுதினோம். அவர்களுடைய நடையின்போது எங்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. நல்ல கார்சனை வரைந்துகொண்டிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும், அந்தக் குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குற்றவாளியைத் தேடாமல் குலத்தைத் தேடினார்கள். அன்று டெக்ஸின் அந்த எளிய அறம் எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றவில்லை. அது போதாது என்பது உண்மை. ஆனால் அதுகூட எங்களிடம் இருக்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

ஒருமுறை எட்டாம் வகுப்பில் இரண்டு கார்சன்களின் கதையையும் சொன்னேன். "சேர், அப்ப அந்தப் புத்தகத்தை வாசிக்கலாமா, கூடாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வாசிக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்றேன். விமர்சகனாகவும் எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவே. டெக்ஸ் வில்லர் இன்று வழுவழுப்பான தாளில் வண்ணத்திலும் வருகிறார். வாங்கி வாசிக்கிறேன். இன்னும் பிடிக்கிறது.

அட்டையில்லாத அந்தப் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. கிழியவில்லை. சோனகத்தெருவில் அந்நாட்களில் பிள்ளைகள் எதை வாசித்தார்கள், எந்தப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதை என்னால் எழுத முடியாது. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் அந்தத் தெருப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எழுத வேண்டும். அதை நான் வாசிக்க வேண்டும்.