கண்ணாடியில் விழுந்த கூம்பு

காரின் முன்கண்ணாடியில் விழும் கல்லடிகளில் புல்ஸ்-ஐக்கு நிகரில்லை என்பது என் கட்சி. ஸ்டார்தான் அழகு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கால்கள் நாலாபக்கமும் ஓடி, காலை வெயில் பட்டதும் வெள்ளி இழைகளாக மின்னும்போது அதற்கு ஈடு ஏது என்பார்கள். மின்னுவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாரைப் பார்த்தால் எனக்குக் கல்லின் அவசரம்தான் தெரிகிறது. கண்ணாடியின் சுபாவத்தைப் பார்க்க வேண்டுமானால் புல்ஸ்-ஐயிடம்தான் போக வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் நடுவில் கடுகளவு குழி, சுற்றிலும் கறுத்த வட்டம். பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வெளியே யாரையாவது ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லி, தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே வரவர விரிந்து, இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே உள்ள பி.வி.பி. படலத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும் கூம்பு அப்போதுதான் முழுசாகத் தெரியும். கறுப்பாகத் தெரிவது கண்ணாடியின் நிறமில்லை. உள்ளே புகுந்த மெல்லிய காற்று இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த இடைவெளி மிகவும் மெலிந்துபோகும் ஓரத்தில் வானவில் நிறத்தில் நுண்ணிய வளையங்கள் தெரிந்தால் அடி புதிது என்று வைத்துக்கொள்ளலாம். தூசியும் ஈரமும் இன்னும் உள்ளே இறங்கவில்லை.

இதே வளையங்களைப் பார்த்துத்தான் இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் யோசிக்கத் தொடங்கினார். 1880 கிறிஸ்துமஸ் விடுமுறை. பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தார், வயது 23. இரண்டு கண்ணாடி வில்லைகளைச் சேர்த்து அழுத்தினால் அவற்றின் வடிவம் எவ்வளவு மாறும் என்பது கேள்வி. அடுத்த ஜனவரியிலேயே விடையை வாசித்துவிட்டார். உருண்டையான ஒன்று கண்ணாடியை அழுத்தும்போது, தொடும் இடத்துக்கு நேர் கீழே கண்ணாடி நசுங்குகிறது. தொடும் வட்டத்தின் விளிம்புக்குச் சற்று வெளியேதான் இழுபடுகிறது. நசுக்கலைக் கண்ணாடி தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே விரிசல் அந்த விளிம்பில் ஒரு வளையமாகப் பிறந்து, இறங்க இறங்கப் பாவாடை போல விரிகிறது. அவர் பெயராலேயே அது ஹெர்ட்ஸ் கூம்பு. நிதானமாக அழுத்தினால் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் அந்தக் கூம்பு மேற்பரப்போடு சுமார் 22 பாகைச் சரிவில் இறங்கும். காரின் வெளி அடுக்கு 2 மி.மீ. சொச்சம். கணக்குப் போட்டால் கூம்பின் அடிவட்டம் ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தெறித்து வரும் கல்லின் வேகத்தில் கோணம் மாறத்தான் செய்யும். ஆனாலும் நல்ல புல்ஸ்-ஐ ஒன்றின் மேல் ஸ்கேலை வைத்து, அது இந்தக் கணக்கை ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் சொல்லி முடியாது.

கல்லடியில் கூம்பு விழுவது காரோடு வந்த சங்கதியும் இல்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்தாரே ஒரு கற்கருவி, அது உருவானதும் இதே விதிப்படிதான். கருவி செய்யக் கல்லில் தட்டிப் பெயர்த்த செதிலைத் திருப்பிப் பார்த்தால், அடி பட்ட இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு இருக்கும். ஹெர்ட்ஸ் கூம்பின் ஒரு துண்டு அது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். எங்கே தட்டினால் கூம்பு எப்படி ஓடும் என்ற கைப்பழக்கம் அத்தனை பழையது. ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடி வேலை கற்றுக்கொள்ளும் பையன்களை முதலில் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

பல்லாவரம் என்றதும் இன்னொன்று. அந்த மலைப்பாறை சார்னோக்கைட். இரும்பாக இறுகிய கருங்கல். கிரஷரில் உடைத்தால் ஒவ்வொரு சில்லும் முனை முனையாக வரும். ஆற்றில் உருண்ட கூழாங்கல் போல மழுங்கிய கல் பட்டால்தான் புல்ஸ்-ஐ விழும். கூர்முனை பட்டால் ஸ்டார். செங்கல்பட்டுப் பக்கம் முக்கால் ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போய்ப் பழகியவர்களுக்கு ஸ்டாரும், இரண்டும் கலந்த காம்பினேஷனும் ஏன் மலிந்து கிடக்கின்றன என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுத்தமான புல்ஸ்-ஐ நம் ரோட்டில் அபூர்வம். என் பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரைநிலா வடிவ அடியைச் சிலர் குறைபட்ட புல்ஸ்-ஐ என்று ஒதுக்குகிறார்கள். கல் சாய்ந்து வந்ததால் கூம்பு ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் ரெசின் நிரப்புவது மட்டும் கஷ்டம். காற்று ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். வெறும் மேல்தோல் பெயர்ந்த சிராய்ப்புக்கும், ஈ.சி.ஆர். மணல் பல வருஷம் அடித்து உண்டாக்கிய பொடிக் குழிகளுக்கும், வைப்பர் ரப்பரில் மாட்டிய மண் போட்ட வில் கோட்டுக்கும் நான் நேரம் செலவழிப்பதில்லை. எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான். அவற்றில் படிக்க ஒன்றும் இல்லை.

படிப்பது என்றால், அடிகளைச் சரிசெய்யும் பாய் படிப்பதைப் பார்க்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு குடை, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி ஒன்று. வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொட மாட்டார். முதலில் நகத்தை வைத்து அடியின் குறுக்கே மெதுவாக இழுப்பார். நகம் மாட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு உள்ளே போய்க் குட்டிக் கண்ணாடியை டேஷ்போர்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, அடியின் வயிற்றைப் பார்ப்பார். உள் அடுக்கில் எதுவும் இல்லையே என்று விரலால் தடவி உறுதி செய்துகொள்வார். கடைசியாக உள்ளிருந்து கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து. ஸ்டாரின் கால்கள் அந்த அழுத்தத்தில் ஒரு கணம் நீண்டு திரும்பும். எவ்வளவு நீள்கிறதோ, அதுதான் அடியின் உண்மையான அளவு.

ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர், "நேத்துதான் பாய் பட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே வண்டியை விட்டு இறங்கினார். பாய் குட்டிக் கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இது நேத்து அடி இல்ல சார். ரெண்டு மழை பாத்துருக்கு." கூம்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. மழைத்தண்ணீர் ஏறி, காய்ந்து, மறுபடி ஏறிய தடம். ரெசின் எடுக்கும், ஆனால் அந்தக் கோடு மறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஈரத்தை உலர்த்த ஹேர் டிரையரை எடுத்தார். தண்ணீர் அழுக்கை மட்டும் கொண்டுபோவதில்லை. இழுபட்டுக்கொண்டிருக்கும் விரிசல் நுனியில் கண்ணாடியின் பிணைப்பையே அது அறுத்துவிடும். மழை நாட்களில் கால்கள் தானாக நீள்வது அதனால்தான். கல் பட்ட உடனேயே ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுகிறவர்கள் பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

நீள விரிசல் வந்தால் பாய் பால்பாயிண்ட் பேனாவை எடுப்பார். விரிசலின் மேலேயே நுனியை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுப்பார். எங்காவது தடுக்கினால் அங்கே ஒரு குழி, அதாவது கல். தடுக்காமல் வழுக்கிக்கொண்டே போய், விளிம்பில் செங்குத்தாகப் போய்ச் சேர்ந்தால் அது ஸ்ட்ரெஸ் கிராக். கத்திரி வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் ஏ.சி.யை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால் வருவது. கண்ணாடியைச் சரியாக உட்கார வைக்காமல் ஒட்டியிருந்தாலும் வருவது. கல்லைக் குற்றம் சொல்லி வந்தவர்களிடம் பேனாவைக் கொடுத்து, "நீங்களே இழுத்துப் பாருங்க" என்பார் பாய்.

ஸ்டார் கட்சிக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற ஒன்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் விரிசலை நிறுத்த பாய் என்ன செய்கிறார்? அதன் நுனியில் ஊசிமுனை டிரில்லால் மேல் அடுக்கின் பாதி ஆழத்துக்கு ஒரு துளை. துளைக்குள் ஒரு ஊசி. அதன் தலையில் அளந்து ஒரே ஒரு தட்டு. 'டக்' என்று ஒரு சத்தம். மிளகளவு புல்ஸ்-ஐ ஒன்று அங்கே திறக்கும். விரிசல் அந்த வட்டத்துக்குள் வந்து நின்றுவிடும். கூர்மையான நுனியில் குவிந்துகிடந்த விசை, வட்டத்தின் விளிம்பு முழுக்கப் பரவிப்போவதால் முன்னேற வழியில்லை. பொறியாளர் இங்லிஸ் 1913-லேயே தகடுகளுக்கு எழுதிக் காட்டிய கணக்கு இது. நடுக்குழியோடு தொடர்பு அறுந்து ரெசின் எட்டாத கால்களுக்கும் இதே வைத்தியம்தான். நடுவில் ஒரு குட்டி புல்ஸ்-ஐ திறந்தால் ஒவ்வொரு காலுக்கும் வழி கிடைக்கும். ஸ்டாரைக் காப்பாற்றவே புல்ஸ்-ஐயைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் எனக்கு வாதம் தேவையில்லை.

அடியைச் சரிசெய்ய முடியுமா என்று நாணயத்தை வைத்து மூடிப் பார்க்கும் வழக்கத்தோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதற்குள் அடங்குகிற ஒரு புல்ஸ்-ஐயும் அதற்குள் அடங்குகிற ஒரு காம்பினேஷனும் ஒன்றா? பிரிட்டனில் வண்டிச் சோதனையில் ஸ்டீயரிங் நடுவை மையமாக வைத்து 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேல் அடி இருக்கக் கூடாது, மற்ற இடத்தில் 40 வரை விடலாம் என்கிறார்கள். ஓட்டுநரின் கண் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறார்கள், சரி. ஆனால் அடியின் ஜாதியைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 2007-ல் வந்த தரநிர்ணயம் அதைப் பார்க்கிறது. புல்ஸ்-ஐக்கு 1 அங்குலம், காம்பினேஷனுக்கு 2, ஸ்டாருக்கு 3, நீள விரிசலுக்கு 14 அங்குலம். இப்படிப் பிரித்ததற்கே கும்பிடலாம். மூன்று அங்குல ஸ்டார் என்பது மட்டும் எனக்குத் தாராளமாகப் படுகிறது. நம் வெயிலில், நம் வேகத்தடைகளில் குதிக்கும் வண்டியில், அவ்வளவு நீளக் கால்கள் நிரப்பிய பிறகும் அடங்கி இருக்குமா என்று பாயும் தலையை ஆட்டுகிறார்.

இன்றைக்கு அடியை நேரில் பார்க்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. பதிலுக்கு ஒரு விலை. போட்டோவில் ஆழம் தெரியாது, காலின் நுனி தெரியாது, பின்னால் வானம் இருந்தால் கூம்பே தெரியாது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில், எளிதாகச் சரிசெய்யக்கூடிய சின்ன புல்ஸ்-ஐயை என் கண்முன் ஒருவர் பத்தடி தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "மாத்திடலாம் சார், இன்ஷூரன்ஸ்ல வந்துடும்" என்றார். பணம் வந்துவிடும், உண்மைதான். ஃபேக்டரியில் ஒட்டிய யூரித்தேன் பிடிப்பு திரும்பி வராது. விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது அதில்தான் சாய்கிறது. நல்ல கண்ணாடியைக் கம்பி போட்டு அறுத்து எடுத்துவிட்டு, பசை இறுகும் முன்பே வண்டியைச் சாவியோடு கொடுத்து அனுப்புகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது வண்டிகளில் கேமராவின் பார்வைக்கு நேரே அடி பட்டால் மாற்றுவதுதான் முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா வண்டிக்கும் அதையே நியாயமாகச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

டஃபண்ட் கண்ணாடிக் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. கல் பட்ட கணத்தில் பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்க வெளுத்துப்போகும். டிரைவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு குத்து குத்தி, அந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்வார். சிறுவயதில் முன் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காற்று நினைவிருக்கும். இரண்டு அடுக்குக் கண்ணாடி வந்துதான் ஒரு அடி அடியாகவே நின்று, பார்க்கவும் சரிசெய்யவும் நமக்கு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தை வாங்கிக்கொள்ளாமல் போவதில் என்ன லாபம்?

வேலை முடிந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நேரே பார்த்தால் கறுத்த வட்டம் போயிருக்கும். ரெசினின் ஒளிவிலகல் கண்ணாடியின் 1.52-க்கு நெருக்கமாக இருப்பதால் கண் ஏமாறும். பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த வெயிலில் பாருங்கள். கூம்பின் ஓரம் மயிரிழையாகத் தெரிந்தால் போகட்டும், அது தெரியத்தான் செய்யும். வெள்ளிப்புள்ளி தெரிந்தால் காற்று மிச்சம் இருக்கிறது. அழுத்தி, உறிஞ்சி, மறுபடி அழுத்த வேலை செய்தவருக்குப் பொறுமை இல்லை. கடைசியில் குழியின் மேல் காய்ந்த ரெசினைச் சுரண்டும்போது பிளேடைக் கவனியுங்கள். பாய் அதைக் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிறுத்தி, தள்ளாமல் இழுப்பார். சாய்த்துப் பிடித்தால் பிளேடு குழிக்குள் இருப்பதையும் சேர்த்துப் பெயர்த்துவிடும், அப்புறம் அந்தக் குழியில் வைப்பர் போகும்போதெல்லாம் அழுக்கு சேரும். சாய்த்துப் பிடிக்கிறவரிடம் அடுத்த தடவை வண்டியைக் கொடுக்காதீர்கள்.