ஆடை கட்டும் நேரம்

மெழுகு உறையும்போது ஓரம்தான் முதலில் வெளுக்கும். அடுப்பிலிருந்து இறக்கி அச்சில் ஊற்றிய கணத்தில் அது தண்ணீர் மாதிரி இருக்கிறது. அச்சின் அடித்துளையில் திரி நுழையும் இடம்கூடத் தெரியும். ஐந்து நிமிடம் போனால் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, நகத்தின் அடியில் இருக்கும் பிறை அளவுக்கு. அது உள்நோக்கி நகர்வதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் நகர்ந்திருக்கும். அப்புறம் மேலே பாலாடை போல ஒரு தோல். மெல்ல ஊதினால் சுருங்கி, மறுபடி விரியும். திரியைச் சுற்றி மட்டும் கடைசிவரைக்கும் ஒரு கண் திறந்தே இருக்கும்.

மெழுகு உருகுவதைத்தான் நம் மொழி கொண்டாடி வந்திருக்கிறது. பக்திப் பாடலிலிருந்து சினிமாப் பாட்டு வரை மனம் இளகினால் உடனே மெழுகு வந்துவிடும். அது உறைவதை யாரும் பாடி நான் கேட்டதில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் என் சமையலறையில் மூன்று வருடமாக மெழுகுவத்தி வார்த்துப் பழகுகிறேன். அதில் எனக்குக் கிடைத்த பெரிய இன்பம் இந்த உறைதல்தான். உருக்குவது அடுப்பின் வேலை, அடுப்பு நம் பேச்சைக் கேட்கும். உறையும்போது மெழுகு யார் பேச்சையும் கேட்பதில்லை, தன் குணத்தைக் காட்டுகிறது.

எதிர் வீட்டு அக்காவிடம்தான் பாடம். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் வயர்க்கூடையில் தொடங்கியவர். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு இரண்டும் பேசிக்கொண்டே போடுவார். பிறகு புடவைக்குக் குஞ்சம், சுடுமண் கம்மல், கொஞ்ச நாள் சோப்பு. மெழுகுக்கு அவரைக் கொண்டுவந்தது வர்தா. 2016 டிசம்பர் 12 அன்று அந்தப் புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் தெருவில் நின்ற மரங்களில் பாதி விழுந்தது. நாலைந்து நாள் மின்சாரம் இல்லை. பெட்டிக்கடையில் இருந்த மெழுகுவத்தி முதல் நாளே தீர்ந்துவிட்டது. அக்கா வீடு வீடாகப் போய் எரிந்து தீர்ந்த துண்டுகளைக் கேட்டு வாங்கினார். உருக்கிக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, பழைய வேட்டிக் கிழிசலைத் திரித்து நட்டு, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். அந்தக் கொட்டாங்குச்சி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் வீட்டுப் படியேற எனக்குப் பல வருடம் ஆனது.

"கை வெக்காதம்மா. அது தூங்குது." இதுதான் முதல் பாடம். ஆடை கட்டிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடத்தில் ரேகை பதிந்தது பதிந்ததுதான்.

பொருள் வாங்க அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நைனியப்ப நாயக்கன் தெரு. ரசாயனமும் வாசனைத் தைலமும் நாட்டு மருந்தும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறும் தெரு அது. மெழுகு பாளம் பாளமாக வரும். அக்கா பாளத்தின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் எளிதாக இறங்கினால் எண்ணெய் முழுக்கப் பிரியவில்லை என்று அர்த்தம், வைத்துவிடுவார். பாரஃபின் மெழுகின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் எடுக்கும்போது, குளிரில் அது கெட்டியாகிவிடக் கூடாதென்று, உறையும் குணமுள்ள பகுதியைத் தனியே பிரித்து எடுக்கிறார்கள். உறைகிற குற்றத்துக்காக வெளியே தள்ளப்பட்ட பொருள்தான் மெழுகு. 1969-ல் இயங்கத் தொடங்கிய நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் மெழுகு எடுக்கிறார்கள். ரயிலில் என் மடியில் கனக்கும் பாளம் பேசின் பாலத்துக்கு வடக்கே சில மைல் தொலைவில் பிறந்ததாகவே இருக்கலாம்.

உருக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மூக்கு வைத்த எவர்சில்வர் குவளை, அதில் மெழுகு. தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது. மெழுகின் ஆவி தீப்பற்ற ஏறக்குறைய இருநூறு வேண்டும். அந்த இடைவெளிதான் நமக்குக் காவல். நேராக அடுப்பில் வைப்பவர்கள் அந்தக் காவலை இழக்கிறார்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தட்டைப் போட்டு மூடி அடுப்பை அணைக்க வேண்டும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. நான் ஒருமுறை ஊற்றி, குழாய்க்குள் அது உறைந்து, குழாயைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உருகும் குவளைக்குள் ஒரு சின்ன அதிசயம் உண்டு. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். மெழுகுத் துண்டை உருகிய மெழுகில் போட்டால் அடியில் போய் உட்காரும். உறைந்த மெழுகு உருகியதைவிட அடர்த்தி. அதாவது உறையும்போது மெழுகு தன்னை ஒடுக்கிக்கொள்கிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சுவரிலிருந்து உள்நோக்கி உறைவதால் அந்தக் குறைவெல்லாம் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் வந்து சேரும். மேலே ஆடை கட்டி அழகாக மூடியிருக்கும். உள்ளே திரியை ஒட்டி ஒரு பொந்து. அதனால் ஆடை கட்டியதும் கோணி ஊசியால் திரியின் பக்கத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, குழி விழவிட்டு, இரண்டாம் தடவை ஊற்ற வேண்டும். இந்த இரண்டாம் ஊற்று முதலாவதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால்தான் பழையதின் மேல்தோலை இளக்கி ஒட்டும். அவசரப்பட்டு ஊற்றினால் குழி மறுபடி விழும். தாமதித்தால் இரண்டும் இரண்டாகவே நிற்கும், உடைத்துப் பார்த்தால் நடுவே கோடு தெரியும். இடையில் இருக்கும் அந்த நேரத்துக்கு அக்கா வைத்திருக்கும் சொல் 'பதம்'. பாகுக்குக் கம்பிப் பதம் இருக்கிற மாதிரி மெழுகுக்கு ஆடைப் பதம். என்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது. அவர் அச்சின் வெளிச்சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சொல்வார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

பருவம் மெழுகுக்குள் வந்து உட்காருவதைக் கண்டுபிடித்த நாளை மறக்க மாட்டேன். அதே மெழுகு, அதே அச்சு, அதே அளவு வாசனைத் தைலம். மார்கழியில் வார்த்தது பீங்கான் போல ஒரே வழவழப்பு. அக்னி நட்சத்திரத்தில் வார்த்ததின் மேல் முழுக்க வெண்பூக்கள், நட்சத்திரம் நட்சத்திரமாக, கண்ணாடியில் பனி படிந்த மாதிரி. ஏதோ கெட்டுவிட்டது என்று அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெய் மணல் மணலா உறையுதே, அது மாதிரிதான். மெதுவா ஆறியிருக்கு."

அவ்வளவுதான் விஷயம். காய்ச்சிய நெய்யை அப்படியே அடுப்படியில் ஆறவிட்டால் மணல் கட்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மழுங்கலாக இறுகும். மெதுவாக ஆறும்போது படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைக்கிறது. சட்டென்று ஆறினால் எல்லாம் பொடிப் பொடியாக நின்றுவிடும், கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். தைலம் கலந்த மெழுகு மே மாதச் சமையலறையில் ராத்திரி முழுவதும் ஆறுகிறது, பூக்கிறது. பத்துக்கு ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் நிறமும் மேற்பரப்பும் சீராக வரும், அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். விற்பதற்குச் செய்பவர்களுக்கு அந்தச் சீர் தேவை. எனக்கு வேண்டாம். மார்கழி மெழுகுவத்தியையும் சித்திரை மெழுகுவத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தால், எங்கள் ஊரின் வெயிலும் குளிரும் கைக்கு எட்டும்படி நிற்கின்றன.

என் அச்சு கடையில் வாங்கியதில்லை. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமா? இரண்டு அங்குல அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றை உட்புறம் கடைந்து வாங்கினேன். முதல் மெழுகுவத்தியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் மயிரிழை வளையங்கள், இசைத்தட்டில் இருப்பது மாதிரி. கடைசல் உளி சுற்றிப் போன தடம் அத்தனையும் மெழுகில் வந்து இறங்கியிருக்கிறது. ஜீரோ நம்பர் உப்புத்தாளால் அச்சைத் தேய்த்தால் போய்விடும் என்றார்கள். நான் தேய்க்கவில்லை. முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் கைவேகம் அதில் இருக்கிறது.

சுவாமிமலையில் இது தலைகீழாக நடக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து ஸ்தபதிகள் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகம் போய் நிற்கும். மூக்கின் கூர்மையும் விரலின் நெளிவும் மெழுகு மண்ணிடம் சொல்லிவிட்டுப் போனவை. ஒரு மயிரிழையையும் விடாமல் வாங்கிக்கொள்ளும் அந்தப் பொறுமையைத்தான் என் அலுமினியக் குழாயிலும் பார்க்கிறேன்.

வாசனை விஷயத்தில் நான் இன்னும் மாணவி. அரைக் கிலோவுக்கு முப்பது மில்லிக்கு மேல் போனால் மெழுகு வியர்க்கிறது. ஊரின் பெயரிலேயே பூ வைத்திருக்கும் பூவிருந்தவல்லி பக்கத்தில் இருக்கும்போது மல்லிகையைத்தானே முதலில் முயல்வோம்? மல்லிகைத் தைலம் ஆறிய மெழுகிலேயே மணக்கிறது, எரியும்போது கூடம் நிறைகிறது. வெட்டிவேர் அப்படி இல்லை. அது கனமான வாசனை, லேசில் ஆவியாகாது. எரியும்போது தேட வேண்டியிருக்கும். அணைத்த பிறகு துணி அலமாரியில் வைத்தால் நாள் கணக்கில் நிற்கும். எனக்கு வெட்டிவேர்தான் பிடிக்கிறது.

திரிக்கு வருகிறேன். குத்துவிளக்குத் திரியைப் பஞ்சை உருட்டி முறுக்கிச் செய்கிறோம். எரிய எரிய நுனி கருகும். ஒருவர் உட்கார்ந்து தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தூண்டாமலே எரியும் விளக்கு நம் முன்னோருக்குப் பெரிய ஆசை. 'தூண்டா விளக்கு' என்ற சொல்லே அந்த ஆசையில் பிறந்ததுதான். அந்தக் காலத்து மெழுகுவத்திக்கும் இதே தொல்லை இருந்தது. பக்கத்தில் கத்தரி வைத்துக்கொண்டு திரியை நறுக்குவார்கள். 1820-களில் பிரான்சில் கம்பசெரே என்பவர் திரியை முறுக்காமல் பின்னிப் பார்த்தார். பின்னிய திரி ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். எரியும்போது நுனி வளைந்து சுடரின் வெளிவிளிம்புக்குப் போகிறது. அங்கேதான் காற்றும் சூடும் அதிகம், நுனி தானே சாம்பலாகிவிடுகிறது. பாவாடை நாடா மாதிரி இருக்கும் அந்தப் பின்னலைக் கையில் பிடித்து, மூன்று மூன்றாக ஏறி இறங்கும் இழைகளைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் வயர்க்கூடை எனக்கு ஞாபகம் வரும். பின்னல் தெரிந்த கைக்குத்தான் இது தோன்றியிருக்கும்.

சுடரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. 1860 கடைசியில் லண்டனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒற்றை மெழுகுவத்தியை வைத்தே சொற்பொழிவு வரிசை நடத்தினார். அடுத்த வருடம் அது புத்தகமானது. எரியும் மெழுகுவத்தியின் உச்சியில் ஒரு கிண்ணம் உண்டாகிறதே, அதை யார் செய்தது என்பதை அவர் விளக்குகிறார். சுடரின் சூட்டில் மேலெழும் காற்று கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. அது மெழுகுவத்தியின் விளிம்பைத் தடவிக்கொண்டு போவதால் விளிம்பு உருகாமல் கரையாக நிற்கிறது. அழகுக்காக வரி வரியாகக் குடைந்த மெழுகுவத்தியில் அந்தக் கரை சமமாக நிற்காது, ஒழுகிவிடும். இன்றைக்கு ரோஜா, பிள்ளையார், கப்கேக் வடிவத்தில் சிலிக்கான் அச்சுகள் குவிந்து கிடக்கின்றன. வைத்துப் பார்க்க நன்றாக இருக்கின்றன. எரிக்க வேண்டுமென்றால் எனக்கு உருளைதான்.

போன மே மாதம் பூத்த மெழுகுவத்தி ஒன்றை எரிக்க மனமில்லாமல் வைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு மின்சாரம் போனது. வீட்டில் வேறு இல்லை. அக்காவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் பெண் தீக்குச்சியைக் கிழித்தாள். முதலில் ஊசி முனை அளவுக்கு நீலம், அதன்மேல் தயங்கித் தயங்கி மஞ்சள். திரியின் அடியில் பொட்டளவு குளம் கட்டியது. வெண்பூக்கள் ஒவ்வொன்றாகக் குளத்துக்குள் போயின. போவதற்கு முன் ஒரு கணம் கண்ணாடிபோல ஒளி விட்டன. யாரும் பேசவில்லை.

அரைமணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் சுடர் படுத்தது. பெண் ஊதப் போனாள்.

"இரும்மா, அணைக்காத," என்றார் அக்கா. "இன்னும் குளம் ஓரத்துக்கு வரல."

முதல் தடவை ஏற்றும்போது குளம் விளிம்பு வரைக்கும் போயாக வேண்டும். பாதியில் அணைத்தால் அடுத்த தடவை பழைய வட்டத்தோடு நின்றுகொண்டு உள்நோக்கிக் குடைந்துகொண்டே போகும். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. என்னுடையது இரண்டு அங்குலம்.

பெண் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்து டியூப்லைட்டையும் அணைத்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.