குழாய் காட்டிய வழி

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் மைதானம் 1907-இல் 18 குழிகளோடு திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த டொனால்ட் ராஸ் 1948-இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். பின்வந்தவர்கள் அவர் விட்டுவைத்த மணலையும் காட்டுப்புல்லையும் மூடி, எங்கும் பசும்புல் வளர்த்தார்கள்.

2010-இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் பழைய வடிவத்தை மீட்க இறங்கினார்கள். 1943-இன் வான்படங்கள் கைகொடுத்தன. அதைவிட அழகான தடயம் மண்ணுக்குள் கிடந்தது: பழைய நீர்க்குழாய். அந்நாளில் அதை ஆடுபாதையின் நட்டநடுவே பதித்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே ராஸ் போட்ட பாதைகளின் நடுக்கோட்டைக் கண்டுகொண்டார்கள். ஏக்கர் கணக்கில் புல்தரை பெயர்ந்தது. மணல் மறுபடி வெளிச்சம் கண்டது.

2014-இல் ஆடவர், மகளிர் அமெரிக்க ஓப்பன் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. கூரும் கிரென்ஷாவும் தங்கள் கைவரிசையைக் காட்டாமல் ராஸின் எண்ணத்தைத் தேடிப்போன அந்தப் பணிவுதான் பெரிய கலை.