முதலில் தேதியைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர் என்றால் நம் வாசகர்களுக்கு அலுப்பதே இல்லை. ஹிட்லரின் வாழ்க்கை வரலாறு தமிழில் பதிப்பு மேல் பதிப்பாக விற்கிறது. அவருடைய தளபதிகள், டாங்கிகள், நீர்மூழ்கிக் கப்பல்கள், கடைசி நாட்களின் பதுங்குகுழி என எல்லாம் தெரியும். ஆனால் அதே ஜெர்மனிக்குள் இருந்துகொண்டு அந்த ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘அப்படி யாராவது இருந்தார்களா?’ என்பார்கள். இருந்தார்கள் என்றால், ‘இருந்து என்ன சாதித்தார்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும். பதிலுக்குக் காத்திராமல் கேட்கப்படும் கேள்வி அது. எனக்கு எரிச்சல் மூட்டுவதும் அதுதான். வரலாற்றில் இவ்வளவு செறிவான ஒரு பகுதியை, ஜெயித்தவர்கள் பட்டியலில் இல்லை என்பதற்காக ஒதுக்கி வைப்பது பெரிய இழப்பு.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அவர் கையில் ஒப்படைக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். சீருடைப் படையினர் சூழ்ந்து நின்ற அவையில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவையில் இருந்த அவர் கட்சியின் 94 பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். அதோடு சட்டப்படியான எதிர்ப்புக்குக் கதவு மூடியது. அதன் பிறகு தொழிலாளர்களின் ரகசியக் குழுக்கள், திருச்சபைக்காரர்கள் சிலர், மாணவர்கள், ராணுவ அதிகாரிகள், எதிலும் சேராத தனி ஆட்கள் என்று சிதறிக் கிடந்தது எதிர்ப்பு. ஒரே இயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இவ்வளவு போதும், மீதியைப் போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள்: 1944 ஜூலை 20. ஒரு கண்ணையும் வலது கையையும் இடது கையில் இரண்டு விரல்களையும் போரில் இழந்த கர்னல் ஸ்டாஃபென்பெர்க், கிழக்குப் பிரஷ்யாவில் இருந்த ஹிட்லரின் தலைமையகத்துக்குள் கைப்பெட்டியில் குண்டை எடுத்துப் போன நாள். அவசரத்தில் இரண்டு வெடிமருந்துப் பொதிகளில் ஒன்றைத்தான் முடுக்க முடிந்தது. பெட்டி மேஜையின் கனத்த காலுக்கு மறுபுறம் நகர்த்தப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள், ஹிட்லர் பிழைத்தார். டாம் குரூஸ் நடித்து 2008இல் வந்த படத்துக்குப் பிறகு, ஜெர்மன் எதிர்ப்பு என்றாலே கண்பட்டி கட்டிய அழகான ராணுவ அதிகாரி என்று ஆகிவிட்டது. அந்த மனிதரின் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அங்கே தொடங்குகிறவர்கள் பரபரப்பை மட்டும் சுவைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ‘பெட்டி நகராமல் இருந்திருந்தால்?’ என்ற ஊகத்திலேயே அவர்கள் வாசிப்பு முடிந்துவிடுகிறது. மேலோட்டமான வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

என் வழி வேறு. யார், எந்தக் கட்சி, ஆயுதம் என்ன என்று கேட்குமுன் தேதியைப் பாருங்கள். அன்றைக்கு ஹிட்லர் ஜெயித்துக்கொண்டிருந்தாரா, தோற்றுக்கொண்டிருந்தாரா? கோடு 1943 பிப்ரவரியில், ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்த இடத்தில் விழுகிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் வந்த எதிர்ப்புக்கு நாட்டுப்பற்றே துணை நின்றது. போர் தோற்கப்போகிறது, இந்த ஆளை அகற்றினால் நாடாவது மிஞ்சும் என்று ஒரு அதிகாரி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். மனசாட்சியும் நாட்டின் நலனும் ஒரே திசையில் இழுத்தன. கோட்டுக்கு முன்னால் அப்படி இல்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் ஆறே வாரத்தில் விழுந்தது. பெர்லினில் மக்கள் பூ தூவினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், சொந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்தார்கள். அன்றைக்கு எதிர்த்தவர் போலீசுக்கு மட்டும் பயப்படவில்லை. தன்னைச் சுற்றியிருந்த அத்தனை பேருடைய சந்தோஷத்துக்கும் எதிரே தனியாக நின்றார். தன் கணிப்பு சரிதானா என்று உறுதி சொல்ல ஒரு ஆள் கிடையாது.

இந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கியோர்க் எல்சரிடம் போங்கள். தெற்கு ஜெர்மனியின் கோனிக்ஸ்பிரான் ஊர்க்காரர், தச்சர், ஓய்வு நேரத்தில் ஸிதர் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். படிப்பும் செல்வாக்கும் இல்லாதவர். 1938 இலையுதிர் காலத்தில், பிரிட்டனும் பிரான்ஸும் மியூனிக்கில் ஹிட்லரோடு கைகுலுக்கி உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்ட நேரத்தில், போர் வரத்தான் போகிறது என்று இவர் முடிவு கட்டினார். விசாரணையில் அவர் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். 1929இல் ஒரு தச்சனுக்கு மணிக்கு 1 மார்க் கூலி, இப்போது 68 ஃபென்னிக்தான். வேலை மாறும் சுதந்திரமும் போய்விட்டது. தொழிலாளியின் கையில் விழும் காசிலிருந்து தொடங்கி உலகப் போர் வரை அவர் நேராக யோசித்தார். பேராசிரியர்களும் தூதர்களும் தவறவிட்டதைத் தச்சர் பிடித்தார்.

ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று மியூனிக்கின் ஒரு பீர் மண்டபத்தில் ஹிட்லர் பேசுவது வழக்கம். 1939இல் எல்சர் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகளை அந்த மண்டபத்தில் கழித்தார். சாயங்காலம் சாதாரண வாடிக்கையாளராக உட்கார்ந்து சாப்பிடுவார். மூடும் நேரத்தில் மேல் மாடத்தில் ஒளிந்துகொள்வார். டார்ச் வெளிச்சத்தை நீலக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, மேடைக்குப் பின்னாலிருந்த தூணைக் குண்டு வைப்பதற்காகக் குடைவார். தூணின் மரப்பலகையில் வெளியே தெரியாதபடி ஒரு கதவு செய்தார். யாராவது தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று சத்தம் காட்டக் கூடாது, அலங்காரத்துக்கு ஆணி அடித்தாலும் உள்ளே இறங்கக் கூடாது என்று கதவின் உட்புறம் தகரம் வைத்தார். கடிகாரத்தின் டிக் டிக் வெளியே கேட்காமல் இருக்க கார்க் வைத்தார். ஒன்று நின்றால் இன்னொன்று ஓட வேண்டும் என்று கடிகாரம் இரண்டு. உதிர்ந்த காரையைப் பெட்டியில் சுமந்து போய்க் கொட்டினார். மண்டியிட்டு வேலை செய்து முழங்கால்கள் புண்ணாகின. இந்தத் தகரத்தையும் கார்க்கையும் கவனிக்காமல் எல்சரைப் படித்தேன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை தெரிந்த கையின் பொறுமை அது.

குண்டு இரவு 9:20க்குக் குறித்தபடி வெடித்தது. பனிமூட்டத்தால் விமானத்தில் திரும்ப முடியாது, ரயில் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் 9:07க்கே கிளம்பியிருந்தார். 8 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் அங்கே பரிமாறிய பெண். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எல்சரைக் கொண்டாடுகிறவர்கள்தான் அந்த உயிரின் கனத்தையும் சுமக்க வேண்டும். குண்டு வெடிக்குமுன்பே எல்சர் சுவிஸ் எல்லையில் பிடிபட்டிருந்தார். ஒரு தச்சன் தனியாக இதைச் செய்திருக்க முடியும் என்று நாஜி போலீஸ் தலைவர் ஹிம்லர் கடைசிவரை நம்பவில்லை. பிரிட்டிஷ் உளவுத்துறையைக் குற்றம் சாட்டினார்கள். போர் முடிந்த பிறகோ, எல்சர் நாஜிகளே ஏவிவிட்ட ஆள் என்ற வதந்தி ஓடியது. 1960களில் விசாரணை ஆவணம் கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் உண்மை நிலைபெற்றது. சாதாரண ஆளால் சிந்திக்கவே முடியாது என்ற அந்த நினைப்பில் ஹிம்லரும் நாஜிகளை எதிர்த்தவர்களும் ஒன்றுபட்டது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

அடுத்து பெர்லினின் வெட்டிங் பகுதியைச் சேர்ந்த ஓட்டோ, எலீஸ ஹாம்பெல் தம்பதி. தொழிலாளர் குடும்பம். எலீஸயின் சகோதரர் 1940இல் போர்முனையில் இறந்தார். அந்த செப்டம்பரிலிருந்து இருவரும் அஞ்சலட்டைகளில் ஹிட்லருக்கு எதிராக எழுதி, அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளில் வைத்துவிட்டு வந்தார்கள். பெரிய அச்செழுத்துகள், ஏராளமான எழுத்துப்பிழைகள். 1942இல் பிடிபடும்வரை 200க்கும் மேற்பட்ட அட்டைகள். கண்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் பயந்துபோய் நேராகப் போலீசில் கொடுத்தார்கள். இருவரும் 1943 ஏப்ரல் 8 அன்று பெர்லினின் பிளோட்ஸன்ஸே சிறையில் கொல்லப்பட்டார்கள். ‘ஒருவரையும் மாற்றாத அட்டைகள்’ என்று விமர்சகர்கள் எளிதில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. 1940 செப்டம்பர்! ஐரோப்பாவே ஹிட்லரின் காலடியில் கிடந்த மாதம். கொடுத்துவிட்டார்கள் என்பதால்தான் அந்த அட்டைகள் போலீஸ் கோப்பில் தப்பி நம் கண்ணுக்கு வருகின்றன. யாராவது படித்துவிட்டுச் சம்மதித்து அடுப்பில் போட்டிருந்தால், அதற்குச் சாட்சி எங்கே இருக்கும்? இந்தக் கோப்பு கையில் கிடைத்துத்தான் ஹான்ஸ் ஃபல்லாடா 1947இல் வந்த தன் நாவலை எழுதினார்.

வெள்ளை ரோஜா மாணவர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 21 வயது ஸோஃபி ஷோலின் முகம் இப்போது சுவரொட்டி, சட்டை, கோப்பை என்று எங்கும் இருக்கிறது. 1943 பிப்ரவரி 18, மியூனிக் பல்கலைக்கழகத்தின் மாடியிலிருந்து துண்டறிக்கைகளைத் தள்ளிவிடும் காட்சி மட்டும்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. நாலே நாளில், பிப்ரவரி 22 அன்று, விசாரணையும் கில்லட்டினும் முடிந்துவிட்டன. ஆனால் அவர்களுடைய மொத்த அறிக்கைகள் ஆறு. அவற்றில் முதல் நான்கு 1942 ஜூன், ஜூலையில் வந்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 பிரதிகள். ஜெர்மன் படை வோல்காவை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. போலந்தில் 3,00,000 யூதர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று இரண்டாவது அறிக்கை வெளிப்படையாக எழுதியது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று போருக்குப் பின் ஒரு தலைமுறையே சொன்னதை இந்த ஒரு தாளோடு வைத்துப் பாருங்கள். சுவரொட்டிக்காரர்கள் இந்த அறிக்கையைத் தொடுவதில்லை, அதில் முகம் இல்லை அல்லவா.

‘அப்படியானால் ராணுவத்தாரைக் குறைத்து மதிப்பிடுகிறாயா?’ என்று கேட்பீர்கள். தேதி அவர்களுக்கும் நியாயம் செய்யும். ராணுவ உளவுத்துறையில் இருந்த ஹான்ஸ் ஓஸ்டர் 1938 செப்டம்பரிலேயே ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆட்களைத் திரட்டினார். மியூனிக் ஒப்பந்தம் அதைக் கவிழ்த்தது. பிறகு, மேற்கில் தாக்குதல் எந்த நாள் என்று டச்சு ராணுவத் தூதரான தன் நண்பருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். ஹிட்லர் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததால் அந்த எச்சரிக்கைகளை டச்சு மேலிடம் நம்பவில்லை. தன் நாட்டுச் சிப்பாய்கள் இதனால் சாகலாம் என்று அறிந்தே செய்தார் ஓஸ்டர். ஸ்டாஃபென்பெர்க் அப்போது பிரான்ஸ் வெற்றியில் மகிழ்ந்த அதிகாரிகளில் ஒருவர். ஒரே சீருடைக்குள் இருந்த இந்த இடைவெளியை, எந்தக் கட்சி, எந்தப் படை என்ற பிரிவுகள் காட்டித் தராது. ஸ்டாஃபென்பெர்க் மாறினார் என்பதும் என் கணக்கில் பெரிய விஷயம்தான். எங்கிருந்து மாறினார் என்று தெரிந்தால்தான் அந்தத் தூரம் தெரியும்.

படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கையில் கிடைப்பதில் பாதி போலீஸ் எழுதிய காகிதம். குற்றம் சாட்டப்பட்டவர் நண்பர்களைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருப்பார், எல்லாம் தன் வேலை என்று தலையில் போட்டுக்கொண்டிருப்பார். வாக்குமூலத்தை அப்படியே நம்பி வாதம் கட்டும் ஆய்வாளர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கணக்குக் காகிதங்களோ பொய் சொல்லாது. பிளோட்ஸன்ஸேயில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம் செலவுச் சீட்டு அனுப்பியது: சிறையில் ஒரு நாளுக்கு 1.50 மார்க், தண்டனை நிறைவேற்றத்துக்கு 300 மார்க், அந்தச் சீட்டை அனுப்பிய தபால் செலவு 12 ஃபென்னிக். அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்று பல தடித்த புத்தகங்கள் சொல்லாததை இந்த மூன்று வரி சொல்கிறது.

உங்களிடம் மட்டும் இன்னொன்றையும் சொல்கிறேன். இன்னொரு தேதியையும் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது: அவர்கள் துரோகிகள் இல்லை என்று அவர்களுடைய நாடு ஒப்புக்கொண்ட தேதி. ஜூலை 20காரர்களுக்கு அது 1952இல் தொடங்கியது. அவர்களைத் துரோகிகள் என்று மேடையில் பேசிய ரேமர் என்ற முன்னாள் அதிகாரிக்கு எதிராக ஃபிரிட்ஸ் பவர் என்ற அரசு வழக்கறிஞர் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி வென்றார். எல்சருக்கோ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. போர்த் துரோகம் என்ற குற்றத்துக்காக நாஜிகள் கொன்றவர்களின் தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் மொத்தமாக ரத்து செய்தது 2009இல். பதவியும் குடும்பப் பெயரும் உள்ளவர்களுக்கு மரியாதை சீக்கிரம் வந்தது, தச்சருக்கும் கம்யூனிஸ்ட்டுக்கும் தாமதமாக வந்தது.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். ஃபல்லாடாவின் நாவல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது, முதலில் அது. பிறகு எல்சரின் விசாரணைப் பதிவு. பிறகு வெள்ளை ரோஜாவின் அறிக்கைகள், ஆறையும் வரிசையாக. படம்தான் வேண்டும் என்றால் ஸோஃபி ஷோலின் கடைசி நாட்களைப் பற்றி 2005இல் வந்த ஜெர்மன் படத்தைப் பாருங்கள், விசாரணை ஆவணங்களை ஒட்டி எடுத்தது. ஓஸ்டரை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்தது சரியா என்று நண்பர்களோடு நன்றாகச் சண்டை போடுங்கள், நானும் பல பேரிடம் போட்டிருக்கிறேன். ஸ்டாஃபென்பெர்க்கிடம் எல்லோருக்கும் கடைசியில் வாருங்கள்.