கண்டும் வாளாவிருந்தவன்

மர்ம நாவலின் சுவை குற்றவாளியை மறைத்து வைப்பதிலேயே உள்ளதென்பது பொதுக் கருத்து. காலித் ஹொசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) இதனின்று வேறுபடுகின்றது. 1975இல் காபூலில் தோழன் ஹசன் வன்கொடுமைக்கு ஆளாவதைக் கண்டும் சிறுவன் அமீர் வாய் திறவான். பின்னர் அவன்மீதே திருட்டுப் பழியும் சுமத்துகிறான். குற்றம் வாசகன் அறிந்ததே; கழுவாய் எவ்வாறு என்பதே எஞ்சும் மர்மம்.

ஹசன் அமீரின் தந்தைக்கே பிறந்தவன் என்னும் புதைந்த உண்மை கதைக்குத் திருப்பம் தருகின்றது. ஆயினும் அதன் அறத்தைச் சற்றே தளர்த்துகின்றது. நட்புக்கு இழைத்த துரோகம் குருதி உறவின் துணையின்றியே கனமுடையதன்றோ?

2006இல் மூதூரின் இடம்பெயர்வை அயலிலிருந்து கண்ட குறிஞ்சாக்கேணி வாசகனுக்கு இந்நாவல் அந்நியமன்று. அயலவன் துயர் கண்டும் வாளாவிருந்தவன் பழியினின்று நீங்கான் என்பதே இது உணர்த்தும் அறம்.