அப்துல் அஸீஸின் மறுப்பு: சான்றுகளின் எடை

கொழும்பில் 1907 ஆம் ஆண்டு சோனகர் சங்கம் வெளியிட்ட ஒரு சிறு நூலைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுகிறார்கள், படித்தவர்கள் குறைவு. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஆங்கிலத்தில் எழுதிய அந்நூல், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிப் பொன். இராமநாதன் எழுதிய கட்டுரைக்கு மறுப்பாகும். 1957 இல் அது மறுபதிப்பும் கண்டது. நமது கருத்தரங்குகளில் ‘தக்க பதிலடி’ என்ற இரு சொற்களோடு அதைக் கடந்துவிடுகிறோம். பதிலடிதான். எந்த அடி விழுந்தது, எது விழவில்லை என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

இராமநாதன் தமது கட்டுரையை றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் 1888 இல் வாசித்தார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டுமொழி, வரலாறு, தாலி, கூறை போன்ற வழக்கங்கள், உடலமைப்பு ஆகியவற்றை அடுக்கி, இவையெல்லாம் சேர்ந்து சோனகர் இனத்தால் தமிழரே என்று காட்டுவதாக முடித்தார். தேர்ந்த சட்டத்தரணியின் வாதம். தனித்தனியே மெலிந்த நூல்களைச் சேர்த்து முறுக்கினால் கயிறாகும் என்பது அதன் பலம். ஆனால் மொழியும் திருமண வழக்கமும் ஒரே வழியாக, அதாவது அயலாலும் கலப்பு மணத்தாலும் வரக்கூடியவை. அப்படியாயின் அவை இரண்டு சாட்சிகளல்ல. ஒரே சாட்சியை இரு தடவை கூண்டில் ஏற்றியதாகவே கொள்ள வேண்டும்.

அஸீஸின் மறுப்பு வலுவாக விழுவது மொழி பற்றிய இடத்தில்தான். வணிகத்தின் பொருட்டுத் தமிழை ஏற்றுக்கொண்டவர்களின் பூர்வீகத்தை அந்தத் தமிழே தீர்மானித்துவிடாது என்கிறார். இதற்கு நீர்கொழும்புக் கரையைப் பார்த்தாலே போதும். அங்குள்ள மீனவக் குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. அதனால் அவர்களுடைய பாட்டனார் மாறிவிடவில்லை.

ஆனால் தமது தரப்பை நிறுவும்போது அஸீஸ் வேறொரு தராசை எடுக்கிறார். கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்குத் தப்பி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாஷிம் குலத்து அரபிகள் வந்து குடியேறினர் என்ற மரபில் சாய்ந்துகொள்கிறார். அம்மரபை அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827 இல் பதிவுசெய்தார். சம்பவத்துக்கும் பதிவுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஆண்டுகள்! மரபு பொய்யென்று நான் சொல்லவில்லை. எதிராளியிடம் கேட்ட அத்தாட்சியை இங்கும் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். கொழும்பில் கிடைத்த கூபிக் கல்வெட்டை ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 எனச் சாமுவேல் லீ வாசித்தார். அது இன்னும் உறுதியான சான்று. ஆயினும் ஒரு மீசான் கல் ஒருவரின் இருப்பைச் சொல்லும். ஒரு சமூகம் முழுவதன் வம்சத்தைச் சொல்லாது.

தாய்மாரின் கதையும் இருக்கிறது. கடலோடி வந்த வணிகர்கள் பெரும்பாலும் ஆண்கள். தந்தைவழியை மட்டும் எண்ணினால் பாதிக் குடும்பம் கணக்கில் வராது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் முஸ்லிம்களும் தமிழரும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடிமுறையை இன்று இப்பொருளில் எழுதும் எவரும் மறைக்க முடியாது. அது நமக்குச் சங்கடமானதென்றால் முதற்பக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

என் பெரிய மனக்குறை வேறு. எம்.சி. அப்துல் ரஹ்மான் 1889 இலேயே முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றுவிட்டார். அஸீஸ் எழுதியபோது ஆசனம் கையிலிருந்தது. ‘நாங்கள் யாருடைய பிள்ளைகளாயினும் எங்கள் உரிமை எங்களுடையது’ என்பதை மைய வாதமாக்கியிருந்தால் இராமநாதனின் கட்டுரை முழுவதுமே பொருளற்றதாகியிருக்கும். மாறாக, எதிராளி போட்ட கேள்விக்குள்ளேயே நின்று பதில் தேடினார். இரத்தம்தான் உரிமைக்கு ஆதாரம் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டது போலாயிற்று.

இருவருக்கும் கிட்டாத ஒரு சான்று 1911 இல் காலியில் வெளிப்பட்டது. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன, தமிழ், பாரசீக மும்மொழிக் கல்வெட்டு அது. அத்துறைமுகத்தில் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் இடம்பெறும் நிலை இருந்ததென்றால், ‘தமிழா, அரபியா’ என்ற கேள்வியின் வடிவமே சந்தேகத்துக்குரியதாகிறது.

அண்மையில் ஒரு மாணவரின் ஆய்வுக்கட்டுரை என் பார்வைக்கு வந்தது. ஹாஷிம் மரபு முதற்பந்தியிலேயே நிறுவப்பட்ட வரலாறாக நின்றது. ‘யார் சொன்னது, எப்போது?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.