ஒரு கரண்டி உறைமோர்

தொலைக்காட்சி நடிப்பை ரசிப்பவர்கள் 2013 செப்டம்பரைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தலாம். அந்த மாதம் 22ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் எம்மி விருது விழா நடந்தது. 'வீப்' தொடருக்காக ஜூலியா லூயி-டிரைஃபஸ் மேடையேறியபோது, தொடரில் அவருடைய உதவியாளராக வரும் டோனி ஹேல் அதே வேஷத்தில் பின்னாலேயே வந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே மேடையில் ஈடி ஃபால்கோ, மூன்று மாதம் முன்பு ரோமில் இறந்துபோன ஜேம்ஸ் கண்டோல்ஃபினியைப் பற்றித் தழுதழுக்கப் பேசினார். 'தி சொப்ரானோஸ்' தொடரில் அவர்கள் கணவன் மனைவி. சிறந்த நாடகத் தொடருக்கான விருது 'பிரேக்கிங் பேட்'டுக்குப் போனது. அதன் கடைசி எபிசோடு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதன் நாயகன் பிரையன் கிரான்ஸ்டனோ அந்த மாதமே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரத்து நாடக மேடையில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனாக நடிக்கத் தொடங்கியிருந்தார். விழாவுக்கு நான்கு நாள் முன்புதான் லூயி-டிரைஃபஸும் கண்டோல்ஃபினியும் காதலர்களாக நடித்த 'இனஃப் செட்' படம் வெளியாகியிருந்தது.

லூயி-டிரைஃபஸ், கிரான்ஸ்டன், கண்டோல்ஃபினி மூவருக்கும் ஒரே இக்கட்டு. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கிற வெற்றித் தொடர் வாய்த்தது, முடிந்தும் போயிற்று. இனி என்ன செய்வது?

சினிமா நட்சத்திரத்தை இருட்டில் இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். தொடர் நடிகர் நம் வீட்டுக்கே வருகிறார். வாரா வாரம், வருஷக்கணக்கில், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வருகிறார். சொந்தப் பெயர் மறந்து வேஷத்தின் பெயரே நம் நாக்கில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்ளும். தொடர் முடிந்தாலும் மறுஒளிபரப்பு ஓயாது. உள்ளூர் நிலையங்களில் அன்றாடம் பழைய எபிசோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். புதுத் தொடரோடு வரும் நடிகருக்குப் பக்கத்துச் சேனலில் போட்டியாக நிற்பவர் அவரேதான். அதுவும் வயது கூடாமல், மெருகு குறையாமல்.

இப்படிப்பட்ட நடிகர்களின் இரண்டாவது ஆட்டத்தைப் பல வருஷமாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். எனக்குப் பிடிபட்ட உண்மை சமையலறையில் இருக்கிறது. இன்றைய பால் தயிராவதற்கு நேற்றைய மோரில் ஒரு கரண்டி போதும். உறையே ஊற்றாவிட்டால் பால் பாலாகவே கிடந்து கெடும். கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் புளித்துப்போகும். பெரிய நடிகர்கள் தங்கள் வெற்றி வேஷத்திலிருந்து அந்த ஒரு கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடத் துணிகிறார்கள். எடுத்தது எது என்று கண்டுபிடிப்பதுதான் ரசிகனுக்குக் கிடைக்கும் இன்பம்.

முதலில் லூயி-டிரைஃபஸ். அவர் நடித்த 'சைன்ஃபெல்ட்' 1989 முதல் 1998 வரை என்.பி.சி.யில் ஓடியது. கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அதன் பிறகு அதில் நடித்தவர்களுக்கு நேர்ந்ததைப் பத்திரிகைகள் 'சைன்ஃபெல்ட் சாபம்' என்றே எழுதின. மைக்கேல் ரிச்சர்ட்ஸின் புதுத் தொடர் 2000இல் சில வாரங்களில் நின்றது. ஜேசன் அலெக்ஸாண்டரின் 'பாப் பேட்டர்சன்' 2001இல் ஐந்தே எபிசோடுகளில் முடிந்தது. அலெக்ஸாண்டர் 1989இலேயே பிராட்வேயில் டோனி விருது வாங்கியவர். தொடரின் ஆயுளை வைத்துக் கலைஞனை எடைபோடக் கூடாது என்பதற்கு அவரே சாட்சி.

லூயி-டிரைஃபஸுக்கும் முதல் முயற்சி கைகூடவில்லை. 2002இல் வந்த 'வாட்சிங் எல்லி' துணிச்சலான தொடர். கதையில் கழியும் நேரமும் பார்ப்பவருக்குக் கழியும் நேரமும் ஒன்றே. திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பின்னணியில் சிரிப்பொலி கிடையாது. அடுத்த வருஷம் கடிகாரத்தை எடுத்துவிட்டு, அரங்கில் ஆட்களை உட்காரவைத்துச் சிரிக்கவைத்து, வழக்கமான நகைச்சுவைத் தொடராக மாற்றினார்கள். அதுவும் நிற்கவில்லை. முதல் வடிவத்தில் உறை போதவில்லை, இரண்டாவதில் கூடிப்போயிற்று என்பது என் கணிப்பு.

அவருடைய உறை எது? 'சைன்ஃபெல்ட்'டில் அவர் நடித்த எலெய்னை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பமுடியாத சேதி காதில் விழுந்தால் எதிரே நிற்பவரின் நெஞ்சில் கைவைத்து ஓங்கித் தள்ளுவாள். 1996இல் வந்த 'தி லிட்டில் கிக்ஸ்' எபிசோடில் அலுவலக விருந்தில் ஆடுவாள். கட்டைவிரல்கள் விறைத்து நிற்கும், கால்கள் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் உதறும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். கோமாளித்தனம் செய்கிறோம் என்று தெரிந்தே ஆடும் நடிகர்கள் நிறைய உண்டு. எலெய்ன் தான் பிரமாதமாக ஆடுவதாக மனதார நம்புகிறாள். நம் சிரிப்பு அந்த நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகிறது. தன்னைப் பற்றிய அந்தக் கண்மூடித்தனம்தான் லூயி-டிரைஃபஸ் எடுத்துவைத்த கரண்டி மோர்.

2006இல் தொடங்கி ஐந்து சீசன் ஓடிய 'தி நியூ அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஓல்ட் கிறிஸ்டீன்' தொடரில் விவாகரத்தான ஒரு தாயாக அதை அளவாகக் கரைத்தார். முன்னாள் கணவரின் புதுக் காதலிக்கும் கிறிஸ்டீன் என்றே பெயர். அதனால் இவள் 'பழைய கிறிஸ்டீன்'. எரிச்சலும் ஏக்கமும் ஒருசேர ஓடும் பாத்திரம். முதல் வருஷமே எம்மி கிடைத்தது. மேடையிலேயே அந்தச் சாபத்தைத் திருப்பிச் சபித்துவிட்டு இறங்கினார்.

'வீப்' (2012–2019) வேறு உயரம். துணை அதிபர் செலீனா மேயரிடமும் அதே கண்மூடித்தனம் இருக்கிறது. ஆனால் இப்போது அதன் கையில் அதிகாரம் இருக்கிறது. 2016இல் வந்த 'மதர்' எபிசோடை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேர்தல் முடிவு நெவாடா மாநிலத்து மறு எண்ணிக்கையில் தொங்குகிறது. அந்த நேரத்தில் அம்மா இறந்துபோகிறாள். அம்மாவுக்காக செலீனாவுக்குக் கண்ணீர் வருவதில்லை. இரங்கல் உரைக்கு நிற்கும்போது நெவாடா கைவிட்டுப் போன சேதி வந்து சேர்கிறது. அவள் உடைந்து அழுகிறாள். கூடியிருப்பவர்கள் தாய்ப்பாசம் என்று உருகுகிறார்கள். அந்த முகத்தைக் கவனியுங்கள். அழுகை முழுக்க முழுக்க உண்மை. அதன் காரணம்தான் வேறு. துக்கத்தைப் பகடியாக நடித்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். லூயி-டிரைஃபஸ் உண்மையான அழுகையை அழுதுவிட்டு, அதைத் தவறான இடத்தில் வைக்கிறார். சிரித்துக்கொண்டே கூசிப்போகிறோம்.

இதே பாத்திரத்துக்காக 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு எம்மிகள் வாங்கினார். ஒரே வேஷத்துக்கு இத்தனை எம்மி வேறு யாரும் வாங்கியதில்லை. ஆறாவது விருது கிடைத்த மறுநாள் மார்பகப் புற்றுநோய் இருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டது. சிகிச்சை முடித்து வந்து கடைசி சீசனில் நடித்தார். இறுதி எபிசோடில், நினைத்ததை எல்லாம் அடைந்த செலீனா அதிபரின் அறையில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். வசனம் இல்லை. எலெய்ன் காலத்திலிருந்து மூடியே இருந்த கண் ஒரு கணம் திறந்து மூடுகிறது. முப்பது வருஷத்து நடிப்பு அந்த ஒரு கணத்தில் வந்து சேர்வதாக எனக்குத் தோன்றும்.

கிரான்ஸ்டனுக்கு வருவோம். 'மால்கம் இன் தி மிடில்' (2000–2006) தொடரில் அவர் ஹால் என்ற அசட்டு அப்பா. ஒரு எபிசோடின் தொடக்கத்தில் வீட்டுக்கு வரும் ஹால் விளக்கைப் போடுகிறார், பல்ப் போய்விட்டது. புது பல்ப் எடுக்கப் போனால் அலமாரித் தட்டு ஆடுகிறது. திருப்புளி எடுக்க இழுப்பறையைத் திறந்தால் அது கிறீச்சிடுகிறது. எண்ணெய் டப்பா காலி. வாங்கிவரலாம் என்று காரைக் கிளப்பினால் எஞ்சின் மக்கர் செய்கிறது. பல்ப் மாற்றச் சொல்லி மனைவி வந்து நிற்கும்போது ஹால் காருக்கு அடியில் கிடக்கிறார். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்கிற தோரணையில் எரிந்து விழுகிறார்.

'பிரேக்கிங் பேட்'டுக்கு அவரைத் தேர்ந்தெடுக்க விரும்பியபோது ஏ.எம்.சி. நிர்வாகிகளின் கண்ணில் இந்த ஹால்தான் நின்றார். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் போதைமருந்து காய்ச்சும் கதைக்கு இந்த ஆளா என்று தயங்கினார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், தாம் எழுதி 1998இல் கிரான்ஸ்டன் நடித்த 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' எபிசோடு ஒன்றைப் போட்டுக் காட்டிச் சம்மதிக்கவைத்தார்.

இப்போது 2010இல் வந்த 'ஃப்ளை' எபிசோடைப் பாருங்கள். நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் ஒரு ஈ நுழைந்துவிடுகிறது. அந்த வேதியியல் ஆசிரியர் வால்ட்டர் வைட்டுக்குச் சரக்கு முக்கியமில்லை, தூக்கம் முக்கியமில்லை, ஈயைக் கொன்றாக வேண்டும். ஏறுகிறார், விழுகிறார், விடிய விடியத் துரத்துகிறார். பல்ப் மாற்றப் போன ஹாலேதான் இது! அற்ப விஷயத்தில் மொத்த உயிரையும் வைத்துவிடுகிற அந்த மனிதரைக் கிரான்ஸ்டன் அப்படியே உறையாக ஊற்றியிருக்கிறார். அங்கே சிரிப்பு மூட்டியது இங்கே வயிற்றைக் கலக்குகிறது. 'கிரால் ஸ்பேஸ்' எபிசோடில் பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் வீட்டுக்கு அடியில் கிடந்து கதறத் தொடங்கி, கதறல் சிரிப்பாகப் புரளுகிற இடம் இருக்கிறதே, அந்த மூச்சுக் கட்டுப்பாட்டை நகைச்சுவையில் பல வருஷம் பழகாதவரால் கொண்டுவர முடியாது. 'ஓஸிமான்டியஸ்' எபிசோடின் தொலைபேசிக் காட்சியில் குரல் மனைவியை வசைபாடுகிறது. ஒட்டுக்கேட்கும் போலீஸ் அவளை நிரபராதி என்று நம்ப வேண்டும் என்பதற்காக அந்த வசவு. முகம் மட்டும் அழுதுகொண்டிருக்கிறது. குரலையும் முகத்தையும் இப்படிப் பிரித்து ஓட்டுவது அபூர்வமான வித்தை.

அதற்குப் பிறகு வந்த ஜான்சனையும் நான் இதே வரிசையில் வைக்கிறேன். 'ஆல் த வே' நாடகத்தில் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்ற ஒவ்வொரு வாக்காகத் துரத்தும் மனிதர் அவர். மிரட்டல், கெஞ்சல், கதை, பேரம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். பல்ப், ஈ, வாக்கு. துரத்தப்படும் பொருளுக்குத் தகுந்தபடி மனிதர் பெரிதாகிக்கொண்டே போகிறார். அந்த நாடகம் 2014இல் பிராட்வேயில் அவருக்கு டோனி விருது பெற்றுத் தந்தது. பிறகு 'நெட்வொர்க்' நாடகத்தில், நேரலையில் நிலைகுலையும் செய்தி வாசிப்பாளராக வந்தார். அதில் மேடையிலேயே கேமராக்கள் சுழல, நடிகரின் முகம் பெரிய திரையில் அண்மைக் காட்சியாக விரியும். தொலைக்காட்சியில் பழகிய முகமும் மேடையில் பழகிய உடம்பும் சேர்ந்து உழைத்த வேஷம் அது. 2019இல் இரண்டாவது டோனி.

கண்டோல்ஃபினியின் உறை மூச்சு. 'தி சொப்ரானோஸ்' (1999–2007) தொடரின் 86 எபிசோடுகளிலும் அவர் நடித்த மாஃபியா தலைவர் டோனி சொப்ரானோ பேசுவதற்கு முன் கனத்த மூக்கு மூச்சு நம் காதில் விழும். மனநல மருத்துவரின் அறையில் அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது மூச்சின் வேகத்தை வைத்தே சினமா, பயமா, வெட்கமா என்று சொல்லிவிடலாம். தொடர் முடிந்த 2007இலேயே, ஈராக் போரில் படுகாயமடைந்து திரும்பிய பத்து வீரர்களைப் பேட்டி கண்டு எச்.பி.ஓ.வுக்காக ஓர் ஆவணப்படம் செய்தார். அதில் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உலகமே பார்த்துப் பயந்த உருவம் அடுத்தவர் பேச வாகாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேட்கத் தெரிந்த நடிகரின் அடக்கம் அது.

'இனஃப் செட்'டில் அவர் ஆல்பர்ட். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில் வேலை. விவாகரத்தானவர், தொப்பை உள்ளவர், அவகாடோத் தொக்கில் வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிச் சாப்பிடுபவர். லூயி-டிரைஃபஸ் நடித்த ஈவா அவரைக் காதலிக்கத் தொடங்குகிறாள். தன் புதுத் தோழி வாய் ஓயாமல் குறை சொல்லும் முன்னாள் கணவர் இவர்தான் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொள்கிறாள். ஒரு விருந்தில் நண்பர்கள் முன்னால் அவருடைய எடையையும் சாப்பாட்டையும் குத்திப் பேசிவிடுகிறாள். கண்டோல்ஃபினி அங்கே ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. அதே கனத்த மூச்சு வருகிறது. டோனியிடம் அது அடி விழப்போவதற்கு அறிகுறி. ஆல்பர்ட்டிடம் அது அடி வாங்கியதற்கு அடையாளம். அந்த உடம்புக்குள் இத்தனை மென்மை இருந்ததா என்று நான் திகைத்துப்போனேன். பழைய டோனியை அறிந்தவர்களுக்கே அந்தக் காட்சியின் முழு வலியும் எட்டும். வெற்றி வேஷம் நடிகருக்குச் சுமை என்று சொல்வார்கள். இங்கே அதுவே மூலதனமாகியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த தொடர் நடிகர் புது வேஷத்தில் வரும்போது, பழைய முகம் காணவில்லை என்று முதல் எபிசோடிலேயே அணைத்துவிடாதீர்கள். பால் உறைய ஓர் இரவு வேண்டும். 'இனஃப் செட்'டையும் அவசியம் பாருங்கள்; கடைசிக் காட்சியில் வாசற்படியில் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். படம் ஜிம்முக்கு என்ற சமர்ப்பணம் வரும். ஜேம்ஸ் கண்டோல்ஃபினியை நெருங்கியவர்கள் ஜிம் என்றுதான் கூப்பிட்டார்கள். படம் வெளியானபோது 51 வயதில் அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.